அக்கா உடுத்திக் கழித்த நாட்கள்

எங்க அக்கா ஜெயக்கனி பொறந்து சரியா ரெண்டு வருஷம் நாப்பது நாள் கழிச்சு நான் பொறந்தேன். அன்னையிலேர்ந்து அவளுக்கு என்னென்ன வந்துச்சோ அதெல்லாம் ரெண்டு வருஷம் நாப்பது நாள் கழிச்சு எனக்கும் வந்துச்சு. சட்டையைச் சொல்லல. அக்காமாருக்குச் சின்னதான சட்டை தங்கச்சிமாருக்கு வருதது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான், எங்க அம்மா தையல் மிஷின்ல உக்காந்து ஒரு தையலைப் பிரிச்சு ஒரு தையலைப் போட்டான்னா அது எனக்குப் புதுச்சட்டை. நான் சொல்லுதது நாளுகளை. அவளுக்கு அம்மை போட்ட நாளு, பல்லு விழுந்த நாளு, குளவி கொட்டுன நாளு, ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்ச நாளு, எல்லாம் அவ உடுத்திக் கழிச்ச பொறவு எனக்கு வந்து சேந்துச்சு. பேருல மட்டும் நான் சுயம்புக்கனி, பாத்துக்கிடுங்க.

இதை மொதல்ல கண்டுபிடிச்சது அம்மாதான். மூத்த புள்ளைக்குத் தாய்மாரு எழுதி வைப்பாவ பாருங்க, இன்னைக்குக் கவுந்தா, இன்னைக்கு மொதப் பல்லு எட்டிப் பாத்துச்சுன்னு, அப்படி எங்க அம்மா தினசரி காலண்டர் தாளைக் கிழிக்காம மடக்கி மடக்கி விட்டு, பொறத்தால பென்சில்ல எழுதி வச்சிருந்தா. எனக்கு எழுதல. ரெண்டாவது புள்ளைக்கு யாரும் எழுதுததில்ல, அது பாட்டுக்கு வளரும். ஆனா நான் தத்தித் தத்தி நடந்து போயி வாசப்படியில வாயை இடிச்சு ரத்தம் ஒழுக நின்ன அன்னைக்கு, அம்மாவுக்கு ஏதோ பொறி தட்டி, பழைய காலண்டரை எடுத்துப் புரட்டி, வெரல் விட்டு எண்ணி, நாப்பது நாளைக் கூட்டிப் பாத்துட்டு, "அப்ப சரி, வர்ற ஆவணியில இவளுக்கு அக்கி வரும்"னு சொல்லிட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டா. ஆவணியில அக்கி வந்துச்சு. அதுலேர்ந்து எங்க வீட்டுச் சுவத்துல ரெண்டு காலண்டர் தொங்கும், ஊருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.

எங்க ஊரு கடலுக்கு மூணு மைல் உள்ள, செவப்பு மணல் தேரிமேட்டுக்கு அடியில இருக்கு. காத்தடி காலத்துல அந்த மணல்மேடு எந்திரிச்சு நடந்து வந்து ஒருத்தர் கொல்லையை மூடிட்டு இன்னொருத்தர் கிணத்தைத் தொறந்து விட்டுட்டுப் போகும். அப்படிப்பட்ட ஊர்ல ஒரு சின்னப்புள்ளைக்கு அக்கா நாளு வருதுன்னு சொன்னா யாரு வாயப் பொளக்கப் போறா? பக்கத்து வீட்டு அத்தைமாரு எங்க அம்மாகிட்ட வந்து, "ஏ பாக்கியம், சின்னவளுக்கு எப்ப மணல்வாரி அம்மை? எங்க புள்ளையள ஆச்சி ஊருக்கு அனுப்பிட்டு வந்துருதோம்"னு கேட்டுட்டுப் போவாவ. கம்பவுண்டர் அருளப்பன் எனக்குக் காய்ச்சல் வர்றதுக்கு மொத நாளே பொட்டணத்துல மாத்திரையை மடிச்சு, "நாளைக்குச் சாயங்காலத்துக்கு மேல குடுங்க"ன்னு குடுத்து விட்டுருவாவ. பள்ளிக்கூடத்துல டெய்சி டீச்சரு எம் பேப்பரைத் திருத்துததே இல்ல, பழைய ரெஜிஸ்டரைப் பாத்து அக்கா மார்க்கை எம் பேருக்கு நேரா எழுதிட்டு, அந்த நேரத்துல ஸ்வெட்டர் பின்னுவாவ. நான் வேணும்னே ஒண்ணும் எழுதாம வெறும் தாளைக் குடுத்துப் பாத்தேன். அப்பவும் அக்கா எடுத்த எழுபத்தெட்டுதான் போட்டாவ.

எல்லாருக்கும் வசதியாப் போச்சு, எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது. நான் அழுதா எதுக்குட்டி அழுதன்னு யாரும் கேக்க மாட்டாவ. காரணம் தெரிஞ்ச அழுகைக்கு யாரு எந்திரிச்சு வருவா? ஓட்டப்பந்தயத்துல மொதப் பரிசு வாங்கிட்டு எவர்சில்வர் டம்ளரோட ஓடி வந்தேன், அம்மா அதை வாங்கி அக்கா வாங்குன டம்ளருக்குள்ள போட்டு அலமாரியில வச்சா. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேண்டியிருந்துச்சு. எனக்குன்னு ஒரு நாள் வரணும், அது என்னன்னு அம்மாவுக்குத் தெரியாம இருக்கணும், அவ பதறி ஓடி வந்து எம் மொகத்தைப் பாத்து "என்னட்டி ஆச்சு?"ன்னு கேக்கணும். அவ்வளவுதான்.

ஏழு வயசுல, பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில, பாலத்துக் கட்டச்சுவர் மேல உக்காந்து புளியங்கா தின்னுட்டு இருந்த அக்காவை நான் பின்னால இருந்து தள்ளி விட்டுட்டேன். விளையாட்டுக்குன்னு பொய் சொல்ல மாட்டேன், வேணும்னுதான் தள்ளுனேன். அவளுக்கு வலது கை ஒடிஞ்சு போச்சு. எங்க அப்பா தவசிலிங்கம் ரேடியோ செட் வச்சிருந்தாவ, கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோற குழாய் ஸ்பீக்கரைக்கூட வண்டியிலேர்ந்து எறக்காம அவளைத் தூக்கிப் போட்டுத் திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டுனாவ. ஆப்பிள் வந்துச்சு, ஹார்லிக்ஸ் வந்துச்சு, தூத்துக்குடி மாமா வந்தாவ. நான் தள்ளுனேன்னு அக்கா வீட்டுல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. "வழுக்கிட்டு"ன்னா. எல்லாரும் போன பொறவு கட்டில்ல கெடந்தபடியே என்னையப் பாத்து, "ஏட்டி, உனக்கும் வலிக்கும்லா?"ன்னா. நான் அதை மெரட்டலுன்னு நெனச்சேன்.

வலிச்சுது. நடுவீட்டுல சம்மணம் போட்டு உக்காந்து கத்திரிக்காக் கொழம்பும் சோறும் தின்னுட்டு இருக்கையில டொப்புன்னு எங் கை முறிஞ்சுது. கட்டுப் போடுத வைத்தியரு காலையிலயே வந்து, வெத்தலை போட்டுட்டு, பேப்பர் வாசிச்சுட்டுக் காத்திருந்தாவ. "முறிஞ்சுட்டாம்மா? சரி, இப்படி வா"ன்னாவ. அம்மா மிஷினை நிறுத்தாம, "எச்சிக் கையைக் கழுவிட்டுக் காட்டுட்டி"ன்னா. அந்தக் கையிலதான் முறிஞ்சிருக்குன்னு அவளுக்கு ஞாபகம் வர ஒரு சட்டைக் கை தைக்குத நேரம் ஆச்சு.

அக்கா பெரியமனுஷி ஆனதுதான் பெரிய கூத்து. எங்க தாய்மாமா தங்கப்பழம் சீர் கொண்டு வரணும்லா, அவிய கெட்டிக்கார ஆளு. அப்பாவைக் கூப்பிட்டு, "அத்தான், சின்னவளும் என்னைக்கு உக்காருவான்னு தெரிஞ்சு போச்சு. அதுக்கு ஒரு பந்தல், இதுக்கு ஒரு பந்தலா? சேத்தே செஞ்சிருவோம்"னாவ. எல்லாருக்கும் அது நியாயமாப் பட்டுச்சு. பத்திரிகையில எங்கள் மூத்த மகள் ஜெயக்கனின்னு கொட்டை எழுத்துல போட்டு, கீழ மற்றும் சுயம்புக்கனின்னு போட்டாவ. பதினோரு வயசுல, ஒண்ணும் ஆகாத என்னைய, அக்கா பக்கத்துல ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சு, அவ தலையில ஊத்தி மிஞ்சுன மஞ்சத்தண்ணியை எந் தலையிலயும் ஊத்துனாவ. அப்பாவோட நாலு குழாயும் தெருவைப் பொளந்துச்சு. எனக்கு வெக்கப்படவும் தெரியல, எதுக்கு வெக்கப்படணும்னும் தெரியல. ரெண்டு வருஷம் நாப்பது நாள் கழிச்சு எனக்கு நெசமாவே ஆனப்போ, வயித்தைப் பிடிச்சுட்டு அம்மாகிட்ட வந்து நின்னேன். அவ ஒரு ஜாக்கெட்டுக்கு ஊக்கு வச்சுட்டு இருந்தா. காலண்டரை அண்ணாந்து பாத்துட்டு, "ஆமா, இன்னைக்குத்தான். துணி அலமாரியில கெடக்கு, எடுத்துக்கோ"ன்னா. எல்லாம்தான் செஞ்சாச்சே.

அக்காவுக்குப் பத்தொன்பது வயசு நடக்கும்போது மாசி மாசம் காய்ச்சல் வந்துச்சு. பதினோரு நாள் எறங்கல. திருச்செந்தூர் டாக்டரு வந்தாவ, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போய்த் திருப்பிக் கொண்டு வந்தாவ, அம்மா மிஷினுக்குத் துணி போட்டு மூடிட்டு அவ கட்டிலுக்கு அடியிலயே கெடந்தா. எனக்கு அப்ப பதினேழு. சொல்ல நாக்கு கூசுது, இருந்தாலும் சொல்லுதேன், அப்பவும் எனக்குப் பொறாமைதான். பதினோராம் நாள் மத்தியானம், வீட்டுல ஒரு வாய் சோறுகூட வடிக்கலைன்ன ஆத்திரத்துல, "எனக்கும்தான் இந்தக் காய்ச்சல் வரும், அப்பப் பாக்கேன் யாரு வந்து உக்காருதீகன்னு!"ன்னு அக்கா காதுல விழும்படியாக் கத்திட்டு, பக்கத்து வீட்டுல போயி டிவி பாத்துட்டு இருந்தேன். அப்பா வண்டி எடுக்கப் போயிருந்தாவ. அம்மா பத்தடி தள்ளி அடுப்பங்கரையில கஞ்சி கிண்டிட்டு நின்னா. நாலு மணி பத்து நிமிஷத்துக்குக் கஞ்சியை ஆத்திக்கிட்டு வந்து பாத்தா, அக்கா போயிட்டா. ஏதோ சொல்லி முடிச்ச மாதிரி வாய் லேசாத் தொறந்து இருந்துச்சு.

"என்ன கேட்டாளோ, என்ன கேட்டாளோ"ன்னுதான் அம்மா அழுதா. வேற ஒண்ணும் சொல்லி அழல.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஏற்பாடு நடக்கும்போது மாமா திரும்பவும் அப்பா பக்கத்துல வந்து உக்காந்தாவ. "அத்தான், மனசைக் கல்லாக்கிட்டுச் சொல்லுதேன். சின்னவளுக்கும் என்னைக்குன்னு தெரிஞ்சு போச்சு. அன்னைக்கும் எல்லாரும் லீவு போட்டு வரணும், திரும்ப ஒரு பந்தல், திரும்ப ஒரு அழுகை. நம்ம ஒடம்பு தாங்காது. சேத்தே செஞ்சிருவோமே." அப்பா துண்டால மொகத்தை மூடிக்கிட்டு, சரின்னு தலையாட்டுனாவ. ஊருக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. கண்ணீர் அஞ்சலி போர்டுல அக்கா படம் பெருசா, ஓரத்துல எம் படம். எனக்குன்னு தனியா ஒரு போட்டோ எடுத்ததில்லைங்கதால, சடங்கு வீட்டுப் போட்டோவுலேர்ந்து ஸ்டூலோட வெட்டி எடுத்து ஒட்டியிருந்தாவ. அன்னைக்கு ஆள் பத்தல. எம் பதினாறுக்கு நானே பந்தியில பாயாசம் விளம்புனேன்.

அதுக்குப் பொறவு ஊரு எங்கிட்ட ரொம்பத் தன்மையா நடந்துக்கிட்டுது. மூணு வருஷப் படிப்புக்கு ரெண்டு வருஷத்துல போற புள்ளை எதுக்குன்னு காலேஜுல மெதுவா எடுத்துச் சொன்னாவ. அப்பா ஆர்டர் நோட்டுல சித்திரை மாசத்து அந்தத் தேதியை மட்டும் வட்டம் போட்டு வச்சு, கல்யாண வீட்டுக்காரவ யாரு வந்து கேட்டாலும் அன்னைக்கு முடியாதுன்னுட்டாவ. பொம்பளையாளுக எங்கிட்ட வந்து ஒவ்வொரு சேதியாச் சொல்லி விட்டாவ. எங்க மாமியாவைப் பாத்தா நான் நல்லா இருக்கேன்னு சொல்லு. எங்க வீட்டு ஆளைப் பாத்தா பீரோ சாவியை எங்கன வச்சாவன்னு கேளு. கேட்டு என்ன செய்ய, நான் திரும்பி வந்தா சொல்லப் போறேன்? அதை ஒருத்தியும் யோசிக்கல. நானும் சரிக்கா, கேக்கேன்க்கான்னு தலையாட்டுவேன்.

அம்மா என்னையப் பாக்க ஆரம்பிச்சா. பொறந்ததுலேர்ந்து நான் ஏங்குன பார்வை அதுதான், கண்ணை எடுக்காம, மூச்சு விடுததைக்கூட எண்ணிக்கிட்டுப் பாக்குத பார்வை. அக்கா கடைசியா இருந்த ரெண்டு வருஷமும் நாப்பது நாளும் எங்கிட்டதான பாக்கி இருந்துச்சு. காலையில காலண்டரைப் படிச்சுட்டு வந்து, "இன்னைக்கு அவளுக்குத் தலைவலி, வா எண்ணெய் தேச்சு விடுதேன்"னு மடியில சாய்ச்சுக்கிடுவா. அவளுக்குத் தும்மல் வந்த நாள்ல எனக்குத் தும்மல் வரும், அம்மா கண்ணு ரெண்டும் பளபளன்னு ஆயிரும். எந் தலையைத் தடவும்போது அவ கை எந் தலையைத் தடவலைன்னு எனக்குத் தெரியும். வேற ஆளுக்கு வந்த தபாலை வாங்கி வச்சுக்கிட்ட மாதிரித்தான் இருந்துச்சு. இருந்தாலும் நான் தலையை நகட்டிக்கிடல, நகட்ட மனசு வரல.

அந்த நாளுகள்ல அம்மா காலண்டர்ல இல்லாத சங்கதியும் கொஞ்சம் வந்துச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா, வெங்காயம் உரிச்சுட்டு இருந்தாலும் சரி, துணி துவைச்சுட்டு இருந்தாலும் சரி, திடீர்னு மூச்சு வாங்கும், உள்ளங்கால் ரெண்டும் சுடும், வயித்துலேர்ந்து ஒரு சிரிப்பு பொத்துக்கிட்டு வரும். சிரிச்சுச் சிரிச்சு உக்காந்துருவேன். சாகப் போற புள்ளை இப்படிச் சிரிக்காளேன்னு அக்கம்பக்கத்துல கண்ணைத் துடைச்சுக்கிடுவாவ. இது என்னன்னு அக்காவோட சேக்காளி மெர்சிகிட்டப் போயிக் கேட்டேன்.

மெர்சி என்னைய உக்காரச் சொன்னா. "உனக்குத் தெரியாதாட்டி?"ன்னா. "வியாழக்கிழமை டைப்ரைட்டிங் கிளாஸ் முடிஞ்சதும் உங்கக்கா தேரி உச்சிக்கு ஏறிருவா. செருப்பைக் கழட்டி என் கையில குடுத்துட்டு, மேலேர்ந்து கைய விரிச்சுக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடி வந்து மணல்ல விழுவா. திரும்ப ஏறுவா, திரும்ப ஓடியாருவா. பைத்தியமாட்டி உனக்குன்னு கேப்பேன். எனக்கு இல்ல மெர்சி, சின்னவளுக்குன்னு சொல்லுவா. அவளுக்குன்னு வீட்டுல ஒண்ணும் கெடைக்க மாட்டேங்குது, இதாச்சும் போய்ச் சேரட்டும்பா."

மெர்சி மேல சொன்னா: "கை ஒடிஞ்சதுலேர்ந்து அவ ஒரு மரத்துலயும் ஏறுனதில்ல, தெரியும்லா? விழுந்தா உனக்கும் வலிக்கும்னு. ஐஸ் தின்ன மாட்டா, உனக்குத் தொண்டை கட்டும்னு. பாவம் புள்ள, ரெண்டு பேருக்கும் சேத்து நடந்தா."

மெர்சி வீட்டு முத்தத்துல உக்காந்து நான் ஓன்னு அழுதேன். பாலத்துச் சுவர்லேர்ந்து அக்காவைத் தள்ளுனது நாந்தான்னு மெர்சிகிட்டச் சொன்னேன், அவளுக்கு அது மொதல்லயே தெரிஞ்சிருந்துச்சு. என்ன செய்ய முடியும், சொல்லுங்க. எல்லாம் அங்கேர்ந்து எனக்குத்தான் வரும். இங்கேர்ந்து அவளுக்கு ஒண்ணையும் அனுப்ப முடியாது, ஒரு வார்த்தைகூட. அதுக்குப் பொறவும் வியாழக்கிழமை தவறாம எனக்குச் சிரிப்பு வந்துச்சு, நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன்.

சித்திரையில காய்ச்சல் வந்துச்சு. யாரும் டாக்டரைத் தேடல. பத்தாம் நாளே மாமா வந்துட்டாவ, வாசல்ல நாலு பெஞ்சு போட்டாவ, அவ்வளவுதான், மத்தபடி எல்லாம் செஞ்சு முடிச்சாச்சு. அம்மா மட்டும் எங் கட்டிலை விட்டு எந்திரிக்கல. பதினோராம் நாள் அடுப்பே பத்த வைக்கல. போன தடவை கஞ்சி கிண்டப் போயித்தான் விட்டுட்டேன்னு சொல்லிக்கிட்டே, எங் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, மூணு மணியிலேர்ந்து காதை எம் வாய்கிட்ட வச்சுக்கிட்டு இருந்தா. அக்கா கடைசியாச் சொன்ன சொல்லு எம் வாய் வழியா வரும்ங்க நம்பிக்கையிலதான் ரெண்டு வருஷமா அவ உசுரைக் கையில பிடிச்சிருக்கான்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. நான் சாகப் போறது அவ கண்ணுக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தாலும் அவளால என்ன செய்ய முடியும், அதையும் யோசிச்சேன். கோவம் வரல. எனக்குப் பயமா இருந்துச்சு, அம்மா கை சூடா இருந்துச்சு.

நாலு மணிக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. எங்க அக்காவுக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே எனக்கும் இருந்துச்சு. நாக்கு வறண்டு, காது அடைச்சு, நெஞ்சுல யாரோ மிஷினை ஏத்தி வச்ச மாதிரி. அந்தத் தவிப்புலயும் அக்கா கண்ணு வாசலைத்தான் தேடிட்டு இருந்துச்சுன்னு தெரிஞ்சுது, ஏன்னா எங் கண்ணும் என்னையறியாம வாசப் பக்கம் திரும்பிட்டு. பொறவு எம் வாய் தொறந்துச்சு. அம்மா மூச்சை அடக்கிக்கிட்டா. அக்கா கொரல் வந்துச்சு, அச்சு அசலா அவ கொரல்.

"சுயம்பு எங்க? ஏட்டி சுயம்பு, கோச்சுக்காதட்டி. எங்கிட்ட வா."

அவ்வளவுதான். வேற சொல்லு வரல. அம்மா இன்னுங் கொஞ்ச நேரம் காதை எடுக்காம இருந்தா. சுவத்துக் கடிகாரத்துல நாலு மணி பத்து நிமிஷம் தாண்டி, பதினோரு நிமிஷம் தாண்டி, நாலே கால் ஆச்சு. எம் மூச்சு ஓடிட்டுதான் இருந்துச்சு. நெத்தியில வேர்த்துச்சு. அருளப்பன் உள்ள வந்து நாடியைப் பிடிச்சுப் பாத்துட்டு, "காய்ச்சல் எறங்கிட்டு"ன்னு மட்டும் சொல்லிட்டு வெளிய போனாவ. வாசல்ல இருந்தவியளுக்கு எந்திரிச்சுப் போறதா இருக்குறதான்னு தெரியல. காரியம்தான் கழிஞ்சு போச்சே, இனிம இவளை என்ன கணக்குல வைக்கன்னு யாரோ கேட்டாவ. மாமா பஸ்சுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு, செருப்பைத் தேடுனாவ.

அம்மா பைய எங் கையை விட்டா.

"உன்னையா கூப்பிட்டா?"ன்னா. "நான் பத்தடி தூரத்துல நிக்கேன். பதினோரு நாளு அவ பீ மூத்திரம் எடுத்தவ நான். என்னையக் கூப்பிடலியா?"

அந்த மொகத்தை நான் பாத்தேன். எனக்கு அந்த மொகத்தை நல்லாவே தெரியும், பத்தொன்பது வருஷமா நான் வச்சுக்கிட்டு அலைஞ்ச மொகம் அது. அவ திரும்பிச் சுவத்தைப் பாத்து உக்காந்துக்கிட்டா. அடுத்த நிமிஷம் எனக்கு என்ன வரும்னு இனிம யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. ஆயுசு பூரா நான் கேட்ட நாள் வந்துருச்சு, அதைப் பாக்க அவ திரும்பல. அந்த மொகத்தை எப்படித் தேத்தணும்னு எங்க அக்காவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரியல. எந்திரிச்சு, சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து போயி, பானையில ஒரு செம்பு தண்ணி மோந்துட்டு வந்து, மொதல்ல அம்மாகிட்ட நீட்டுனேன். அவ வாங்கல.